இங்கேயே இருக்கேன் என்று சொன்னவள்

பனைமுனை அரசு ஆஸ்பத்திரியில் ஜெபக்கனி சிஸ்டர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கத் தொடங்கிய அன்று காலையில், பெண்கள் வார்டில் எல்லாரும் இட்லிக்கு வந்த சாம்பார் புளித்துப்போனதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் அந்த விஷயம் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. முதலில் பார்த்தது வார்டு கூட்டித் துடைக்கும் மாடத்தி. ஜன்னலோரக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, வடிவின் கையைப் பிடித்தபடி ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள். எதிர்வரிசையில் ட்ரிப் பாட்டில் மாற்றிக்கொண்டு ஜெபக்கனி நின்றிருந்தாள். மாடத்தி இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், துணியைப் பிழிந்தாள்.

“சிஸ்டரு, காலத் தூக்குங்க, பினாயில் படும்.”

உட்கார்ந்திருந்தவள் காலைத் தூக்கினாள். மாடத்தி அடியில் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரிகளில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லும் ஒரு சொல் உண்டு, ‘இதோ வாரேன்.’ வலிக்குது என்றால் இதோ வாரேன், தண்ணி என்றால் இதோ வாரேன், பயமா இருக்கு என்றாலும் இதோ வாரேன். சொல்லிவிட்டு நகர்ந்தால்தான் அடுத்த கட்டிலுக்குப் போக முடியும், பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள், கட்டில் நிறைய, கை குறைச்சல். ஆனால் ஜெபக்கனிக்கு அந்தச் சொல் வாயில் வராது. மகள் ரூபியைப் பெற்றெடுக்க வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வலி உச்சத்தில் இருக்கையில் ஒரு சிஸ்டர் அவள் தோளைத் தட்டி “இதோ வாரேம்மா” என்று சொல்லிப் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு போனாள், அதன்பிறகு ஜெபக்கனி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், அது காற்றில் அசைந்தபோதெல்லாம் வந்துவிட்டாள் என்று நினைத்தாள், கடைசியில் பிள்ளை பிறந்து அழுதபோதும் அவள் கண் திரையில்தான் இருந்தது. அதிலிருந்து அவள் நோயாளிகளிடம் உள்ளதை உள்ளபடிதான் சொல்வாள். “இன்னும் அந்த வரிசை முழுக்க ஊசி இருக்கு, முடிச்சிட்டு வாரேன், நேரமாகும்.” நேரமாகும்தான், ஆனால் வருவாள். ஊசியை யார் வேண்டுமானாலும் போடலாம், வலிக்கிற நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் அந்த வலி வேறு மாதிரி வலிக்கும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் அவளுக்குப் பேச்சு வராது.

ஜன்னலோரக் கட்டில் வடிவு உப்பளத்தில் வேலை பார்த்தவள். உப்புத் தண்ணீரிலேயே நின்று நின்று பாதம் வெடித்து, அதில் சக்கரை வியாதியும் சேர்ந்து, புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. பார்க்க வர ஆளில்லை. புருஷனைப் பற்றிக் கேட்டால், “போயிட்டு வாரேன்னு போனான், இன்னும் வந்துக்கிட்டே இருக்கான், வழியில டீ குடிக்கான் போல” என்று சொல்லிச் சிரிப்பாள். அன்று கட்டு பிரித்தபோது மட்டும் சிரிக்கவில்லை. ஜெபக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முடிச்சிட்டு வாரேன் வடிவக்கா.”

“வாறது கெடக்கட்டும் சிஸ்டரு. இருங்களேன்.”

எதிர்க் கட்டிலில் பாட்டில் தீர்ந்து ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது. ஜெபக்கனி அதைப் பார்த்தாள், வடிவின் முகத்தைப் பார்த்தாள், “இங்கேயே இருக்கேன்” என்றாள். வாயால் மட்டும் சொல்லவில்லை. வயிறு, முதுகு, முழங்கால், எல்லாத்தையும் சேர்த்துச் சொன்னாள். பிறகு எழுந்து பாட்டிலை மாற்றப் போனாள். எழாமலும் இருந்தாள்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. யார் கேட்டாலும் அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. காய்ச்சல்காரியின் பக்கத்தில் ஒருத்தி, கருக் கலைந்த புதுப்பெண்ணின் பக்கத்தில் ஒருத்தி, ஆண்கள் வார்டில் லாரியிலிருந்து விழுந்து கால் முறிந்த சுடலைமணி பக்கத்தில் ஒருத்தி என்று, வார்டு வார்டாக ஜெபக்கனிகள் வாய் பேசாமல் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரிய சிஸ்டருக்கு முதலில் வருகைப் பதிவுதான் குழப்பமாக இருந்தது. யோசித்து, நிற்கிறவள் டூட்டி, உட்கார்ந்திருக்கிறவள் பார்வையாளர் என்று முடிவு செய்தார்கள், அதன்படி மாலையில் மணி அடித்ததும் வாட்ச்மேன் வந்து பார்வையாளர்களை எல்லாம் வெளியேறச் சொன்னார், ஜெபக்கனிகள் எழவில்லை, அவர் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார். டாக்டர் ஒருத்தியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லி, ஸ்டூல் மட்டும் கூடுதலாக வேண்டும் என்றார். கல்யாண மண்டபத்துக்காரர் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் அனுப்பிவைத்தார். மாதா கோவில் பாதிரியார் வந்து பார்த்து, இதை மேலிடத்துக்கு எழுத வேண்டுமா என்று யோசித்தவர், தன் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

குணமாகிப் போகிறவர்கள் தங்கள் பக்கத்தில் இருந்தவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இங்கேயே என்றால் என் பக்கத்தில் என்றுதானே அர்த்தம் என்றார்கள், அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர், சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு டிக்கெட், பக்கத்தில் உட்கார வைத்தால் இரண்டு என்று சொல்லிவிட்டார். மடியில் வைத்துக்கொள்வதில் ஒன்றும் கஷ்டமில்லை, ஒரு தலையணை கனம்தான் இருந்தாள். உப்பளத்துக் குடிசைகளில், மீன்காரத் தெருவில், ரயில்வே கேட் அருகே ஓட்டு வீடுகளில், மூலைக்கு ஒரு ஜெபக்கனி உட்கார்ந்தாள். அவள் முன்னால் சண்டை போடப் புருஷன் பெண்டாட்டி கூச்சப்பட்டார்கள். பிள்ளைகள் அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்தார்கள். பொழுது விடிந்ததும் அவளுக்கும் ஒரு டம்ளர் காப்பி வைத்து, ஆறினபிறகு தாங்களே எடுத்துக் குடித்தார்கள்.

அவள் வீட்டில்தான் அது வேறு விதமாகத் தெரிந்தது.

ஜெபக்கனி சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் அவள் செருப்புச் சத்தம் கேட்காமல் போயிற்று. ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி காற்றடித்தால் ஒரு பக்கம் சாய்ந்தாள். ரூபிக்கு அம்மா வந்ததும் மடியில் ஏற வேண்டும், காலையிலிருந்து அதற்காகவே இருக்கிற பிள்ளை அது, ஒரு நாள் ஏறி உட்கார்ந்துவிட்டு அசைந்து அசைந்து பார்த்தது.

“எம்மா, ஒன் மடியில இருந்தா தரை குத்துது.”

அவள் புருஷன் ஆசீர் உப்பு லாரி ஓட்டுகிறவன், நல்ல மனுஷன், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். “இன்னைக்கு மேலூர் பக்கம் லோடு ஏத்தப் போனேன். ஒரு குடிசையில நீ இருக்க. ஏட்டின்னு கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. அந்த வீட்டுக்காரன் எங்கிட்ட யாரு வேணும்ங்கான்.”

ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கூப்பிட்டது அவளுக்கும் கேட்டிருந்தது; அங்கேயும் அவளுக்குக் காது இருந்தது. திரும்பவும் ஆசைதான். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டிருக்கையில் எப்படித் திரும்புவது?

“ஊருக்கெல்லாம் ஆள் இருக்கு” என்றான் ஆசீர். “இங்க வாறது எது ஜெபா? மிச்சமா?”

தினமும் காலையில் வாசலில் நின்று அவள் ரூபியிடம் “போயிட்டு வாரேன்” என்பாள். ‘போறேன்’ என்று யார்தான் சொல்வார்கள். ரூபி பதிலுக்கு “போயிட்டு வா” என்று சொன்னதே கிடையாது. உதட்டைச் சுழித்துக்கொண்டு சுவரைப் பார்க்கும். ஒரு நாள் கேட்டது. “அவங்ககிட்டலாம் இங்கேயே இருக்கேன்னு சொல்லுதியாமே. எங்கிட்ட மட்டும் ஏன் போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன்னே சொல்லுத?”

அன்று ரூபிக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது, பள்ளிக்கூடம் போகவில்லை. ஜெபக்கனி பாயில் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். “அம்மா இங்கேயே இருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து, பக்கத்து வீட்டு மதினியிடம் பிள்ளையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவுக்குள் பாயில் ரூபி மட்டும்தான் இருந்தது. சொன்ன நேரத்தில் அவள் காது பஸ் ஹார்னில் இருந்திருக்கிறது. வயிறும் முதுகும் முழங்காலும் எங்கெங்கேயோ யார் யார் கூடவோ இருந்தன, சொல்லுவதற்கு வாய் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. திரும்பி ஓடலாமா என்று நின்றாள். பஸ் வந்துவிட்டது.

சாயங்காலம் மதினி சொன்னாள், “என்ன பிள்ளை வளத்திருக்க நீ. அம்மா இருக்காவன்னு பாயில பாதி எடத்த விட்டுட்டே படுத்துக் கெடந்தா. கஞ்சி குடுத்தா, எங்கம்மாவுக்கு எங்கேங்கா. தள்ளிப் படுன்னா, அம்மா மேல இடிச்சிரும்ங்கா.”

அன்று ஜெபக்கனி கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று அழுதாள். கண்ணீர்கூடக் கனமில்லாமல் விழுந்தது.

அந்த வாரத்திலேயே வடிவு செத்துப்போனாள். மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக் கண் அயர்ந்த நேரத்தில், ஜன்னலில் உப்பு மேடுகள் வெள்ளை வெளேரென்று தெரிந்துகொண்டிருக்கையில், “நல்ல வெயிலு, இன்னைக்கு உப்பு நல்லா கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும்தான். ஆளில்லாத பிரேதம் என்று நகராட்சி வண்டி வந்தது, உட்கார்ந்திருந்தவளும் பிடித்த கையை விடாமல் வண்டியில் ஏறினாள், உப்பளத்துக்கு ஓரமாக முள்ளு உடைமரங்கள் அடர்ந்த இடுகாட்டில் குழியை மூடினபிறகு, மண்மேட்டுப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எப்படி இவர்களைத் திரும்பக் கூப்பிடுவது என்பது தற்செயலாகத் தெரிந்தது. கருக் கலைந்த அந்தப் புதுப்பெண் வீட்டுக்குக் கிளம்பும்போது, எல்லாரும் சொல்கிற மாதிரி, பழக்கத்தில், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து “சரி, போயிட்டு வாங்க சிஸ்டர்” என்றாள். உட்கார்ந்திருந்தவள் உடனே எழுந்து சேலையை நீவிக்கொண்டு, மருந்து மேசையருகே நின்ற ஜெபக்கனியிடம் போனாள். இரண்டு பேர் நின்ற இடத்தில் ஒருத்திதான் மிச்சம் இருந்தாள்.

“இவ்வளவுதானா” என்றாள் மாடத்தி. “வீட்டுக்கு வந்தவள யாராவது வழியனுப்பாம அவளா எப்படி எந்திரிப்பா? எல்லார்ட்டயும் போய்ச் சொல்லிர வேண்டியதுதான சிஸ்டரு?”

“எப்படிக்கா கேப்பேன்? என்னை அனுப்புங்கன்னா?”

“வாயத் தொறந்துதான்.”

“உக்காந்தவ மொதல்ல எந்திரிக்கக் கூடாதுக்கா.” அவ்வளவுதான் சொன்னாள் ஜெபக்கனி, முகம் சிவந்து ஊசியைத் தட்டத் தொடங்கினாள்.

“நல்ல கூத்து” என்றாள் மாடத்தி, துடைக்கிற துணியை வாளியில் போட்டாள், நேராக வாசலுக்குப் போய் லாரியோடு நின்றிருந்த ஆசீரிடம் வடிவு செத்த கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். முன்சீட்டில் ரூபி கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கனிக்கு டூட்டி. மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, மீன்காரத் தெருவில் ஒரு வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்த அவள் கண்ணுக்கு, வாசலில் ரூபி வந்து நிற்பது தெரிந்தது. தலையை ஆசீர்தான் சீவிவிட்டிருந்தான், வகிடு கோணலாக இருந்தது. தன் பிள்ளை ஒரு அந்நிய வீட்டு வாசலில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை பார்த்ததில்லை.

“எங்கம்மா இங்க இருக்காவளா?” என்று கேட்டது ரூபி.

அந்த வீட்டுக்காரி சட்டென்று அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். மூலையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஏ தாயீ, ஒனக்கு அம்மாவா இது! நாங்க சிஸ்டருன்னுல்லா நெனச்சிட்டோம்.” பிறகு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கையில் கொடுத்து, “போயிட்டு வாங்க சிஸ்டர்” என்றாள்.

அப்படியே வீடு வீடாக. சிலர் உடனே அனுப்பினார்கள், சிலர் கொஞ்சம் அழுதபிறகு அனுப்பினார்கள், ஒரு வீட்டில் முருங்கைக்காய் தந்தார்கள், ஒரு வீட்டில் சிஸ்டருக்குத் தலை சீவிப் பூ வைத்து அனுப்பினார்கள். எழுந்த ஜெபக்கனிகள் லாரியின் பின்னால் ஏறி, உப்பு மூட்டைகளின் மேல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ரோட்டில் போனவர்கள், ஆசீர் லாரி நிறைய சிஸ்டர்கள் போவதைப் பார்த்துக் கைகாட்டினார்கள். ரூபி முன்சீட்டில் முட்டி போட்டுப் பின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தது.

சுடலைமணி மட்டும் முரண்டு பிடித்தார். கால் கூடி எவ்வளவோ நாளாகியும் அவர் தன் பக்கத்தில் இருந்தவளை விடவில்லை.

“ஒங்களுக்குக் கால் சரியாயிட்டுல்லா மாமா?” என்றது ரூபி.

“ஆயிட்டு.”

“பெறவென்ன?”

“பெறவு...” அவர் கூரையைப் பார்த்தார். “சாப்பிட்டீயளான்னு கேக்க ஒரு ஆள் வேணும்லா மக்கா.”

“எங்கம்மா கேப்பாவளா?”

“வாயத் தொறந்து கேக்க மாட்டாவ. ஆனா கேக்குத மாதிரியே இருப்பாவ.”

ரூபி யோசித்தது. “சரி, நான் கேக்கேன். சாப்பிட்டீயளா?”

“இல்ல.”

“இவ்ளோ நேரமாச்சு, சாப்பிடாம என்ன செய்தீய? போய்ச் சாப்பிடுங்க. எங்கப்பா தெனமும் இந்த வழியாத்தான் லோடு அடிக்கும். கேக்கச் சொல்லுதேன்.”

சுடலைமணி சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “அம்மாவுக்கு மேல இருக்கியே நீ” என்றார். ஸ்டூலில் இருந்தவளிடம் கையெடுத்துக் கும்பிட்டு, “போயிட்டு வாங்க சிஸ்டரு, போயிட்டு வாங்க” என்று இரண்டு தரம் சொன்னார்.

எல்லாரையும் ஏற்றிக்கொண்டு லாரி திரும்பி வருகையில் இடுகாட்டுப் பக்கம் ரூபி “எப்பா, நிறுத்து” என்று கத்தியது.

உடைமரத்தின் ஓட்டை நிழலில், உப்புப் பூத்த மண்மேட்டுப் பக்கத்தில், வடிவின் ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள். முகம் வெயிலில் கருத்திருந்தது. ஒரு கையை மண்ணின் மேல் வைத்திருந்தாள். ரூபி இறங்கி வந்து கிட்டத்தில் நின்றது. தான் பிரிந்துபோன இடங்களிலேயே இந்த இடம்தான் ஜெபக்கனிக்கு ரொம்ப தூரம். இங்கே அனுப்பிவைக்க வாய் கிடையாது. ஆனால் ரூபி சொன்னால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு நாள் ஒரு தரம்கூடச் சொல்லாத பிள்ளை, ‘போயிட்டு வா’ என்று இப்போது சொன்னால் கட்டாயம் எழுந்துவிடலாம், எழுந்து அந்தக் கோணல் வகிட்டைச் சரி பண்ணலாம். ஆஸ்பத்திரியில் நின்றவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். லாரியில் இருந்தவர்கள் எல்லாரும் பிள்ளையின் வாயையே பார்த்தார்கள்.

ரூபி மண்மேட்டைப் பார்த்தது. சுற்றிப் பார்த்தது. ஒரு மாலை இல்லை, ஒரு சிலுவை இல்லை, ஒரு செம்பு தண்ணீர் இல்லை.

“இவங்களுக்கு வேற யாரும் இல்லியாம்மா?”

உட்கார்ந்திருந்தவள் இல்லை என்று தலையாட்டினாள்.

ரூபி காலால் மண்ணைக் கொஞ்ச நேரம் கீறியது. பிறகு லாரிக்கு ஓடி, அப்பாவின் சீட்டுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்துக்கொண்டு வந்து, விரித்து, உடைமரக் கிளையில் முள் குத்தாமல் மாட்டியது.

“நீ இரும்மா” என்றது.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெபக்கனிகள் ஒருத்தர்பின் ஒருத்தராக இறங்கி வார்டுக்குள் போனார்கள். ஜெபக்கனி ஸ்டூலில் உட்கார்ந்தாள், ஸ்டூல் கிறீச்சென்றது, மாடத்தி எங்கிருந்தோ “அப்பாடா” என்றாள். கருவாட்டு வாசம், முருங்கை வாசம், பல வீட்டு அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து அவள் மேல் அடித்தது. எழுந்து நடந்தபோது செருப்பு நன்றாகச் சத்தம் போட்டது. கட்டிலில் இருந்த ஒரு கிழவி கையை நீட்டிக் கூப்பிட்டாள், ஜெபக்கனி போய், “டூட்டி முடியுற வரைக்கும் இருக்கேன்” என்றாள், டூட்டி முடிகிற வரைக்கும் இருந்தாள், கிழவி “பிள்ளை தேடும், போயிட்டு வா” என்றபிறகு எழுந்தாள்.

வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் ரூபி அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. அசைந்து பார்த்தது. இந்தப் பக்கம் சரியாக இருந்தது, அந்தப் பக்கமும் சரியாக இருந்தது, இடது முழங்காலுக்குக் கிட்டே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், தரை குத்தியது.

ஜெபக்கனி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

“அது வடிவுப் பெரியம்மா எடம்” என்றது ரூபி. தன் கையை விரித்து அந்த இடத்தில் அணை கொடுத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனது. வெளியே உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. மழைக்காற்று. குடை இருக்கிறது என்று ஜெபக்கனி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “போயிட்டு வாரேன்” என்றாள்.

ரூபி சுவரைப் பார்க்கவில்லை. “போயிட்டு வாம்மா” என்றது.